பழைய காரின் ரப்பர் ஃபுட்போர்டு: ஒட்டுவதா, வேகவைப்பதா, மாற்றுவதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் பக்கம் தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை கடல்காற்று படுகிற இடத்தில் நிற்கும் பழைய காருக்கு, ஃபுட்போர்டில் (கதவுகளுக்குக் கீழே கால்வைத்து ஏறுவதற்கு நீளமாக ஓடும் படியில்) எந்த ரப்பரைப் போடுவது என்பது இரண்டாவது கேள்விதான். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கினால் எப்படித் தெரியும், தெரிந்தால் பிரித்துப் பார்க்க வழி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. மதுரையிலோ கோவையிலோ கார் வைத்திருப்பவர் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இங்கே முடியாது.

எனக்கு இந்த யோசனை வந்தது கீழக்கரைச் செவர்லே ஒன்றால். 1938 மாடல். அதை வைத்திருக்கும் காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, இத வெளிநாட்டுக்கு அனுப்பவா, இல்ல இங்கேயே ஒட்டிரவா?” அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஃபோர்டு மாடல் டி வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ஃபுட்போர்டில் ரப்பரே கிடையாது. வைரக்கட்டம் புடைத்த வெறும் தகடு. அதற்குப் பின்னால் 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ-யில் தகட்டின் மேல் தனி விரிப்பும், அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள உலோகப் பட்டையும் இருக்கும். 1930களின் பிற்பாதியில் வந்த செவர்லே போன்ற அமெரிக்க வண்டிகளில் கதை வேறு. ரப்பரை அச்சில் வைத்து, தகட்டோடு சேர்த்தே அழுத்திச் சூடேற்றி, இரண்டையும் ஒன்றாக்கியிருப்பார்கள். ரப்பர் வெளி ஓரத்தைச் சுற்றி அடிப்பக்கம் வரை மடங்கி வந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லிருந்தே பம்பாயில் பாகங்களைப் பூட்டிக் கார்களாக்கி விற்றது. நம் ஊர்களில் இன்றும் அங்கங்கே செவர்லே கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அந்த வண்டிக்குப் புது ஃபுட்போர்டு இன்னும் தயாராகிறது. வாங்கி மாட்டிவிட்டு, கீழ்ப்பக்கம் நன்றாகப் பெயிண்ட் அடித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

தட்டிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். ரப்பர் தகட்டில் பிடித்திருக்கிற இடத்தில் சத்தம் கெட்டியாக, அடங்கி வரும். விட்டுப்போன இடத்தில் ‘டொப்’பென்று கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே மொறுமொறுவென்று நொறுங்கினால் அது துரு. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, பிராக்கெட் போல்ட்டுகளைச் சுற்றிலும், பின் மட்கார்டோடு சேரும் மூலையிலும் குத்தூசியால் குத்திப் பாருங்கள். சக்கரம் ஈரமணலை வாரி அடிப்பது அந்த மூலையில்தான். ஓட்டை விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கீழக்கரை வண்டியில் இடப்பக்கப் போர்டின் பின்மூலை ரப்பர் ஏற்கெனவே தூக்கியிருந்தது. நகத்தால் இழுத்ததும் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வந்துவிட்டது. அடியில் துரு அப்பளம் அப்பளமாக அடுக்கு கட்டியிருந்தது. அடுக்குகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. மேலே ரப்பர் அப்போதும் பளபளப்பாகத்தான் இருந்தது.

அந்த உப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, மழை ஒரு துளி பெய்யாவிட்டாலும், ரப்பருக்கு அடியில் ஒருமுறை புகுந்த உப்பு வருடம் முழுக்க நனைந்தே இருக்கும். வாலிநோக்கம் உப்பளத்துச் சாக்கு மூட்டையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; அதனால் ரப்பரை நெம்பித் தூக்கும்; தூக்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு போகும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை.

ரப்பர் மேல்பக்கம் வெடிப்பதற்குக் காரணம் வேறு. காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் இயற்கை ரப்பரைத்தான் வெட்டும். தளர்வாக இருக்கும் ரப்பரை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் போர்டின் சமதளம் நன்றாக இருக்கும்போதே, வளைந்து திரும்பும் வெளி ஓரத்தில் மட்டும் நீளவாக்கில் கோடு விழும். அந்தக் கோட்டு வழியாகத்தான் உப்பு உள்ளே போகிறது.

அப்படியே வைத்துக்கொள்வது

தட்டிப் பார்த்ததில் முக்கால்வாசிக்கு மேல் கெட்டியாக இருந்தால், நான் கைவைக்க மாட்டேன். எண்பது வருட ரப்பர் இன்னும் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால், அதைவிட நல்ல வேலையை இன்று நீங்கள் எந்தப் பட்டறையிலும் வாங்கிவிட முடியாது. வெடிப்புகளை நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயவிட்டு, கறுப்புப் பாலியூரிதேன் சீலன்ட்டை உள்ளே அழுத்தி நிரப்பி, மேலே வழித்துவிடுங்கள். அடிப்பக்கத் தகட்டைச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை தட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் தேய்க்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதை இன்றே நிறுத்துங்கள். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதும், பிறகு மென்மையாகி உதிரும். சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் கிளிசரினும் போதும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவில் பழைய மாடல்களுக்கான அச்சுகளை வைத்துக்கொண்டு, உங்கள் தகட்டின் மேலேயே புது ரப்பரை ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாடல்களுக்கு முழுப் போர்டே புதிதாகக் கிடைக்கும். ரிப்பின் (ரப்பரின் மேல் வரிவரியாக ஓடும் மேடுகளின்) அளவு, ஓரத்தின் வளைவு எல்லாம் தொழிற்சாலையில் வந்தது மாதிரியே இருக்கும். ஆனால் தகட்டை நீங்கள்தான் முழுக்கச் சரிசெய்து அனுப்ப வேண்டும்; ஐந்தடி நீளச் சாமானுக்குப் போகவர இரண்டு சரக்குக் கூலி, கஸ்டம்ஸ் வேறு. வண்டியைப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர், நடுவர் முட்டிபோட்டு ரிப் எண்ணுவார் என்று தெரிந்தவர், இதைச் செய்யலாம். மற்றவர்களுக்கு இந்தப் பணத்தில் தகட்டு வேலை, பிரேக், வயரிங் மூன்றையும் முடித்துவிடலாம்.

தகடு: எந்த வழியாக இருந்தாலும் தப்பாத வேலை

பழைய ரப்பரை உரிப்பதற்குக் கேஸ் வைத்து எரிக்க வேண்டாம். புகை நெஞ்சுக்கு ஆகாது, மெல்லிய தகடு முறுக்கிக்கொண்டுவிடும். ஹீட் கன்னால் சூடுகாட்டி, அகலமான உளியால் தள்ளிக்கொண்டே போனால் வரும். கடைசியில் கொம்பு மாதிரி கெட்டியான கறுப்பு அடுக்கு ஒன்று தகட்டிலேயே நிற்கலாம். அந்தக் காலத்தில் ரப்பரை இரும்போடு பிடிக்கவைக்கப் பித்தளை முலாம் பூசுவார்கள், அல்லது கந்தகம் அதிகம் சேர்த்த எபனைட் அடுக்கு ஒன்றை நடுவில் வைப்பார்கள். அதைக் கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டு எடுக்க வேண்டும். உரிப்பதற்கு முன்னால் ஒரு காரியம்: ரிப்பின் மேல் காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்து முழு நீளத்துக்கும் அச்சு எடுத்துவையுங்கள். எத்தனை ரிப், எவ்வளவு இடைவெளி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்னால் யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அப்புறம் சேண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் பொடியைப் பாய்ச்சித் துருவை எடுப்பது. ஆற்று மணலோ கடற்கரை மணலோ போட்டு அடிக்க விடாதீர்கள். மணல்தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பது ஒன்று. கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது என்பது இன்னொன்று. துருவை எடுக்கப் போய் உப்பை அடித்து ஏற்றுகிற கதையாகிவிடும். கார்னெட் கல்பொடி போட்டு அடிக்கிற இடமாகப் பாருங்கள். அடித்த தகடு வெள்ளி மாதிரி மின்னும். அதை நம்ப வேண்டாம். துரு தின்ற குழிகளுக்குள் குளோரைடு அப்படியே உட்கார்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு ராத்திரி விட்டுவிட்டால் எங்கே உப்பு இருக்கிறதோ அங்கே காலையில் கறுத்துத் துரு பூத்திருக்கும். மறுபடி கழுவி, மறுபடி அடிக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் காவிரித் தண்ணீர். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரே பாதி உப்பு. அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். சந்தேகம் தீர வேண்டுமானால், காய்ச்சி வடித்த நீரால் தகட்டின் மேல் ஊற்றி வழித்தெடுத்து, அதில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் மாதிரி கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது. பள்ளிக்கூட லேபில் எல்லோரும் செய்ததுதான்.

ஓட்டை விழுந்த இடத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். டிங்கர் தகட்டின் மேல் தகடு வைத்துப் பற்றவைக்கிறேன் என்பார்; வேலை சுலபம். அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்பு குடியேறிவிடும், வேண்டாம்.

இனி ஒரு முக்கியமான பிரிவு வருகிறது. உப்புக்காற்றில் இரும்பைக் காப்பாற்ற நமக்குத் தெரிந்த சிறந்த துணை துத்தநாகம். படகுச் சாமான்களை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள் அல்லவா, அதுபோல ஃபுட்போர்டையும் முக்கலாம் என்று தோன்றும். துத்தநாகத் தொட்டியின் சூடு சுமார் 450 டிகிரி. 18 கேஜ் தகடு அதில் நெளிந்துவிடும் ஆபத்து அதிகம். துத்தநாகம் நிறைந்த எபாக்ஸி பிரைமரை அடிப்பதுதான் நடைமுறை. ஆனால் ரப்பரை வேகவைத்து, அதாவது தகட்டின் மேலேயே சூட்டில் கெட்டிப்படுத்தி, ஏற்றுகிற முறைக்கு மேல்பக்கத்தில் அந்த பிரைமர் இருக்கக் கூடாது. பிளாஸ்டிங் செய்த வெறும் இரும்பில்தான், ரப்பரையும் இரும்பையும் சேர்க்கிற பிணைப்புப் பூச்சு நன்றாகப் பிடிக்கும். அதாவது மேல்பக்கத்துக்கு ஒன்று துத்தநாகம், இல்லையென்றால் வேகவைத்த ரப்பர். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. இந்த இடத்தில்தான் கடற்கரைக்காரரின் முடிவு, கடலைவிட்டுத் தள்ளி இருப்பவரின் முடிவிலிருந்து பிரிகிறது.

வேகவைத்து ஏற்றுவது

ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது கெட்டிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்ததுதான் இன்றைக்கும் அடிப்படை. பச்சை ரப்பர் ஷீட்டைத் தகட்டின் மேல் விரித்து, அழுத்தி, 140, 150 டிகிரியில் வேகவைத்தால் அது தகட்டைக் கவ்விக்கொள்ளும். இதற்கு வெளிநாடு போகத்தான் வேண்டுமா? வேண்டாம். சிவகாசி அச்சகங்களின் ரோலர்கள் தேய்ந்தால் அதே இரும்பு உருளைக்குப் புது ரப்பர் ஏற்றிக்கொடுக்கிற பட்டறைகள் இருக்கின்றன. அவர்கள் தினமும் செய்வதும் இதே வேலைதான்: இரும்பைச் சுரண்டி, பிணைப்புப் பூச்சு தடவி, பச்சை ரப்பரைச் சுற்றி, துணி நாடாவால் இறுக்கக் கட்டி, நீராவிக் கலனில் வைத்து வேகவைப்பது. ரசாயனத் தொட்டிகளின் உள்பக்கம் ரப்பர் லைனிங் போடுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். நீளமான கலன் இவர்களிடம் இருக்கும் என்பதால் ஐந்தடிப் போர்டு ஒரு பிரச்சினை இல்லை.

பிரச்சினை ரிப். ரோலரைக் கடைசியில் லேத்தில் பிடித்துச் சமப்படுத்திவிடுவார்கள். தட்டையான போர்டை லேத்தில் பிடிக்க முடியாது. ரிப் வர வேண்டுமானால் எதிர்வடிவத்தில் பள்ளம் வெட்டிய அலுமினியத் தகடு ஒன்று செய்து, பச்சை ரப்பரின் மேல் வைத்து அழுத்தி வேகவைக்க வேண்டும். முன்னே பின்னே வளைவு இருக்கிற போர்டென்றால் அந்தத் தகட்டையும் வளைக்க வேண்டும். ஒரு காருக்காக இந்த அச்சைச் செய்யும் செலவு கையைக் கடிக்கும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி அச்சு தேவைப்படும் வண்டிகளும் உண்டு.

டயர் ரீட்ரெடிங் கடையில் கேட்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஏற்கெனவே வெந்த டிரெட்டை, நடுவில் பச்சை கம் வைத்துக் கவரில் போட்டுச் சுமார் 100 டிகிரியில் ஒட்டுகிறார்களே, அந்த வழியில் ரிப் ஷீட்டையும் ஒட்டலாம்தானே? கலனில் போர்டு போகும், உண்மை. ஆனால் அந்த கம் ரப்பரோடு ரப்பரை ஒட்டுவதற்கு ஆனது. வெறும் இரும்பில் தானாகப் பிடிக்காது. நடுவில் இரும்புக்கான பிணைப்புப் பூச்சு வேண்டும். அந்தப் பூச்சு எத்தனை டிகிரியில் வேலைசெய்யும் என்று அதன் டப்பாவில் எழுதியிருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் சேர்ந்து படித்த பிறகே முடிவெடுங்கள். டயரில் கைதேர்ந்தவர், இரும்பிலும் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்த முறையின் பலத்தையும் சொல்லிவிட வேண்டும். சரியாக வெந்த பிணைப்பை நீங்கள் உரிக்க முயன்றால் ரப்பர்தான் கிழியும், ஒட்டு விடாது. ஓரத்தைச் சுற்றி அடிவரை மடித்து ஏற்றினால் உப்பு புக வாசலே இல்லை, போல்ட் ஓட்டைகளைத் தவிர. பலவீனமும் அதே இடத்தில்தான். கல் பட்டு ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்தால், அடியில் துத்தநாகம் இல்லாத இரும்பு. துரு ஓடுவது வெளியே தெரியாது. தெரியும்போது மறுபடி முழுவதையும் உரித்துத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வண்டி மூடிய ஷெட்டில் நின்று, வருடத்துக்குச் சில நாள் மட்டும் வெளியே வருகிறதென்றால் இந்த ஆபத்தை எடுக்கலாம்.

விரிப்பை ஒட்டுவது

பழைய கார்க்காரர்கள் இதை மட்டமான வழி என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடல் ஏ-யில் கம்பெனியே செய்த வழிதானே இது. தகட்டின் இரண்டு பக்கமும் துத்தநாக பிரைமர், அதன் மேல் எபாக்ஸி, அதன் மேல் பெயிண்ட் என்று முழுசாக முடித்த பிறகு, அதன் மேல் ரிப் ஷீட்டை ஒட்டி, ஓரத்தை ஒரு பட்டையால் பிடிக்கலாம். ரப்பர் கெட்டுப்போனால் ரப்பர் மட்டும்தான் கெடும்.

ஷீட் வாங்கும்போது கவனம். பஸ் தரைக்குப் போடுகிற ரிப் மேட் என்று கடையில் எடுத்துப்போடுவதில் பல, ரப்பரே இல்லை, பிவிசி. சூடான சால்டரிங் இரும்பை ஒரு மூலையில் வையுங்கள். பிவிசி உருகி நூலாக வரும். ரப்பர் கருகுமே தவிர உருகாது. ரப்பரிலும் மூன்று சாதி உண்டு. இயற்கை ரப்பர் நன்றாக ஒட்டும், கிழியாது, ஓசோனில் வெடிக்கும். ஈபிடிஎம் வெயிலுக்கும் ஓசோனுக்கும் அசையாது. ஆனால் சாதாரணப் பசை எதுவும் அதில் சரியாக ஒட்டாது. நியோப்ரீன் இரண்டுக்கும் நடுவில்: வெயிலைத் தாங்கும், பசையிலும் பிடிக்கும். ஒட்டுகிற வேலைக்கு என் ஓட்டு நியோப்ரீனுக்கு. 3 மில்லி மீட்டர் அடிக்கனம், ஷோர் ஏ அளவில் 60லிருந்து 70 வரை கெட்டித்தன்மை என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். ரிப் இடைவெளி நீங்கள் எடுத்த பென்சில் அச்சோடு அப்படியே பொருந்தாது. அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் வேகவைத்து ஏற்றும் முறைக்கே போக வேண்டியதுதான்.

பசையில் இன்னொரு சிக்கல். மைக்கா ஒட்டுகிற கான்டாக்ட் பசை, சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் கறுப்பு ரப்பர் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஓரங்கள் மெதுவாக நகர்ந்து சுருண்டுவிடும். அதனால் நடுப்பகுதிக்கு மட்டும் கான்டாக்ட் பசை. சுற்றிலும் ஒரு அங்குலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்தப் பசை படாமல் காப்பாற்றி, பின்பு அங்கே கார் கண்ணாடி ஒட்டும் பாலியூரிதேனை ஒரே கோடாக விடுங்கள். கான்டாக்ட் பசையின் மேல் பாலியூரிதேன் பிடிக்காது, அதற்காகத்தான் டேப். ஷீட்டை ஒட்டுவதற்கு மைக்கா ஒட்டிப் பழகிய ஆசாரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. நடுக்கோட்டிலிருந்து வெளியே உருட்டிக்கொண்டே போய்க் காற்றை வெளியேற்றுவது அவருக்குக் கைவந்த கலை. ஷீட்டை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் ஓசோன் பற்றி மேலே சொன்னது அன்றைக்கே தொடங்கிவிடும். வெளி ஓரத்தில் வளைத்து மடிக்காமல், வளைவு தொடங்கும் இடத்தோடு வெட்டி நிறுத்தி, பட்டையால் மூடுவதுதான் நல்லது.

இப்போது ஸ்ப்ரே செய்கிற ரப்பர் பூச்சுகளும் கிடைக்கின்றன. லாரி தொட்டிக்குச் சரி. 1938 காருக்குத் தார் ஊற்றியது மாதிரி இருக்கும்.

ஃபைபரில் செய்வது

பாம்பனில் படகு ஃபைபர் வேலைசெய்யும் மேஸ்திரி ஒருவரிடம் தகட்டைக் காட்டியபோது அவர் சிரித்தார். “அண்ணே, கடக்கரையில வச்சுக்கிட்டு எதுக்குண்ணே இரும்பு? ஒரு அச்சு எடுத்தாப் போதும், ரெண்டு பக்கமும் ஊத்திரலாம். துருவுங்கிற பேச்சே இருக்காது.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வள்ளங்கள் வருடக்கணக்காகக் கடலிலேயே கிடக்கின்றன, ஃபுட்போர்டு எம்மாத்திரம்?

கேள்வி விறைப்பு பற்றியது. கண்ணாடி நார் மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த தகடு, இரும்பைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாக வளையும். 1.2 மில்லி மீட்டர் இரும்பின் விறைப்பு வர வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் வேண்டும். சுமார் மூன்றரை மில்லி மீட்டர். அது பெரிய விஷயமில்லை, மேஸ்திரி அதைவிடக் கனமாகத்தான் போடுவார். ஆனால் கனம் கூடினால் மட்கார்டோடு சேரும் இடத்தில் இடைவெளி ஒத்துவராது. பிராக்கெட் போல்ட் வருமிடத்தில் பெரிய வாஷரோ உள்ளே பதித்த தகடோ இல்லாவிட்டால் ஓட்டை விரிந்துகொண்டே போகும். தடித்த ஆள் ஒற்றைக்காலில் ஏறி நின்றால் லேசாகத் தணியும். பழைய காரின் கதவைத் திறந்து ஏறுகிறவருக்கு அந்தத் தணிவு உடனே காலில் தெரியும். இன்னொன்று: 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவு விதி, வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவுக்குப் போகிறவர் ஃபைபரில் கைவைப்பதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தகடு சல்லடையாகிவிட்ட வண்டிக்கு, அல்லது அசல் போர்டே தொலைந்துபோய் அளவு மட்டும் மிஞ்சியிருக்கும் வண்டிக்கு, ஃபைபரை நான் தயங்காமல் சொல்வேன். அசல் தகடு பாதியாவது தேறினால், அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு ஃபைபருக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. மேஸ்திரியிடம் அதைச் சொன்னதற்கு, “உங்க இஷ்டம்ணே, நாலு வருசங்கழிச்சு எப்படியும் வருவீங்க” என்றார்.

கீழக்கரை வண்டி

வலப்பக்கப் போர்டு தட்டிப் பார்த்ததில் ஏறக்குறைய முழுக்கக் கெட்டி. இடப்பக்கம் பின்பாதி போய்விட்டது. காக்காவுக்கு வண்டி வீட்டுக் கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் வெளியே வர வேண்டும். போட்டிக்குப் போகிற எண்ணம் இல்லை. ஷெட் கடலிலிருந்து கூப்பிடு தூரம், அதுவும் மூன்று பக்கம்தான் சுவர். இந்த நிலைமைக்கு என் யோசனை இது: வலப்பக்கத்தைத் தொட வேண்டாம், வெடிப்பை மட்டும் அடைத்து அடிப்பக்கத்தைப் பெயிண்ட் செய்யலாம். இடப்பக்கத்தை உரித்து, தகட்டைச் சரிசெய்து, நியோப்ரீன் விரிப்பை ஒட்டலாம். இரண்டு பக்கமும் ரிப் ஒன்றுபோல இல்லையே என்று அவர் குறைப்பட்டார். குறை நியாயம்தான். ஆனால் ஒரே நேரத்தில் காரின் இரண்டு பக்கத்தையும் பார்க்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னேன். நல்ல ரப்பரை ஜோடி சேர்வதற்காக உரித்தெறிய எனக்குச் சம்மதமில்லை. பின்னால் மனசு மாறி வெளிநாட்டுக்கே அனுப்புவதானாலும், விரிப்பை உரித்து, தகட்டை மறுபடி பிளாஸ்ட் செய்து அனுப்ப எந்தத் தடையும் இல்லை. அசல் தகடு பத்திரமாக இருக்கும்.

மாட்டும்போது செய்யும் சின்ன அலட்சியம் இத்தனை வேலையையும் வீணாக்கிவிடும். போல்ட் ஓட்டைகளைப் பெயிண்டுக்கு முன்பே போட்டு முடித்து, ஓட்டையின் உள்விளிம்பிலும் பிரைமர் தடவுங்கள். பெயிண்டுக்குப் பிறகு டிரில் போட்டால் அந்த வட்டத்திலிருந்தே துரு கிளம்பும். போல்ட் எவர்சில்வரில் போடுவதானால் 304 வேண்டாம், மாலிப்டினம் சேர்ந்த 316 கேளுங்கள். அதிலும் எவர்சில்வர் நேரடியாக இரும்பைத் தொட்டால், உப்பு ஈரத்தில் அரிபடுவது இரும்புதான். நடுவில் நைலான் வாஷரும் கொஞ்சம் சீலன்ட்டும் வையுங்கள். ஓரப்பட்டைக்கு அடியிலும் பியூட்டில் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டு நாடா) ஒரு வரிசை ஓட வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பில், பின்கோடியில், தண்ணீர் வடிய விரல் அகலத்துக்கு இடம் விட்டுவிடுங்கள். பாலியூரிதேன் முழுக்க இறுக ஒரு வாரம் கொடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் மாட்டிவிட்டால் முதல் சோதனை அந்த மழையிலேயே நடந்துவிடும்.